அது என்னைத் திட்டாது சார்

போன செமஸ்டரில் ஒரு வியாழக்கிழமை மதியம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப். லிங்க்டு லிஸ்ட்டின் நடுவிலிருந்து ஒரு நோடை நீக்குகிற ப்ரோகிராம்தான் அன்றைய வேலை. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் சரியாக எழுதி முடித்திருந்தான். ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்துப் போடும் முன் வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டேன். "இந்த ரெண்டு வரியையும் இடம் மாத்தி எழுதினா என்ன ஆகும்?" கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரியாகச் சொன்னான். மீதிப் பட்டியல் கைநழுவிப் போய்விடும் சார், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே முகவரியை நாமே அழித்துவிட்டோமே என்றான்.

எனக்கு ஆச்சரியம். வகுப்பில் வாயே திறக்காதவன் அவன். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். சாட்ஜிபிடியிடம் என்றான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தமிழும் ஆங்கிலமும் கலந்து தட்டி, ஒரே கேள்வியை ஏழெட்டு முறை கேட்டானாம். "கிளாஸ்ல இதைத்தானேப்பா நடத்தினேன். அப்பவே கேட்டிருக்கலாமே?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

"அது என்னைத் திட்டாது சார்."

நான் அவனைத் திட்டியதில்லை. அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அவன் சொன்னது என்னைப் பற்றி மட்டுமல்ல. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் கடந்து வந்த எல்லா வகுப்பறைகளையும் பற்றியது. அன்று மாலை தாம்பரம் வரும் ரயிலில் அந்த ஒரு வாக்கியம்தான் கூடவே வந்தது.

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதின்மூன்று ஆண்டுகளாகக் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். செங்கல்பட்டு, மறைமலை நகர், கூடுவாஞ்சேரி பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள், முடிச்சூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கமிருந்து பேருந்தில் வருகிறவர்கள், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவர்கள் எல்லாரும் என் வகுப்பில் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் முதல் தலைமுறை. இந்தப் பக்கத்தின் வரலாறு வேடிக்கையானது தோழர்களே. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் என்ற தோல் தொழிற்சாலையால் வந்தது. தோல் பதனிட்ட கைகள் யாருடையவை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே குரோம்பேட்டையில்தான் 1949இல் எம்.ஐ.டி. வந்தது. அப்துல் கலாம் படித்த கல்லூரி. தொழிற்சாலையும் தொழில்நுட்பக் கல்லூரியும் ஒரே ஊரில் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக மட்டும் இரண்டு மூன்று தலைமுறை ஆயிற்று.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்வழியில் படித்து, நுழைவுத்தேர்வு எழுதி, 2003இல் பொறியியல் சேர்ந்தேன். சி மொழி வகுப்பில் பாயிண்டர் நடத்தினார்கள். எனக்குப் புரியவில்லை. கையைத் தூக்கி, தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். வினைச்சொல் எங்கோ இடறிவிட்டது. முன்வரிசை சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. ரொம்ப அமைதியாக, "கோட்டாவுல வந்தா இப்படித்தான் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு நான்கு வருடம் எந்த வகுப்பிலும் நான் கேள்வி கேட்கவில்லை. பாயிண்டரை நான் புரிந்துகொண்டது மூன்றாம் வருடம், விடுதியில், கரித்துண்டால் தரையில் கட்டம் போட்டுக் காட்டிய ஒரு சீனியர் அண்ணனிடம். அவரும் நம் ஆள்தான். இப்படி ஒரு அண்ணன் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் அரியரோடு வெளியே போனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஆராய்ந்த தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்பதே பெரும்பான்மை மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னது. ‘ஆதரவு’ என்பது அறிக்கை மொழி. வகுப்பறை மொழியில் அதற்குப் பெயர் சந்தேகம் கேட்கிற உரிமை.

அதனால்தான் பதிவு செய்யப்பட்ட பாடத்தை நான் ஒருபோதும் இளக்காரமாகப் பேச மாட்டேன். நான் கல்லூரியில் சேர்ந்த அதே 2003இல்தான் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. நான் படித்த காலத்தில் அது எனக்கு வந்து சேரவில்லை. வேலைக்கு வந்த பிறகு, பாடம் நடத்தத் தயார் செய்வதற்காக முதன்முதலாக அந்தக் காணொலிகளைப் பார்த்தேன். ஒரு பேராசிரியரின் வாக்கியம் புரியவில்லை. நிறுத்தினேன். பின்னால் நகர்த்தினேன். மீண்டும் புரியவில்லை. மீண்டும் நகர்த்தினேன். ஐந்தாவது முறையும் அவர் அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னார். முகம் சுளிக்கவில்லை. அன்று என் அறையில் உட்கார்ந்து நான் அழுதேன் என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் அழுதேன்.

இதே சென்னை ஐ.ஐ.டி.தான் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. நாடு முழுக்க எழுந்த போராட்டத்துக்குப் பிறகு ஜூனில் திரும்பக் கொடுத்தது. உள்ளே நம் பிள்ளைகள் வாய் திறந்தால் பொறுக்காத இடம், அதன் பாடங்கள் மட்டும் மதில் தாண்டி வெளியே வந்து பம்மலில் ஒரு ஓட்டு வீட்டுக்குள் விழுகின்றன. இதை நான் சாதனையாகவும் பார்க்கிறேன், முரணாகவும் பார்க்கிறேன். எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டால், பாடத்தை எடுத்துக்கொள், மதிலை மறக்காதே என்றுதான் மாணவர்களிடம் சொல்வேன்.

சிக்கல் இதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. அவமானமில்லாமல் கற்பதற்கு ஒரு கருவி கிடைத்ததும் நிர்வாகங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட செய்தி வேறு. ‘அப்படியானால் ஆசிரியர் எதற்கு?’

2018இல் ஏ.ஐ.சி.டி.இ. பொறியியல் கல்லூரிகளில் 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று தளர்த்தியது. ஒரு கையெழுத்தில் நான்கில் ஓர் ஆசிரியர் தேவையற்றவராகிப் போனார். 2021இல் யு.ஜி.சி., ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரையிலான பாடங்களை ஸ்வயம் இணையதளம் வழியாகவே படித்து கிரெடிட் பெறலாம் என்றது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்தால் சீர்திருத்தம் போலத்தான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இதற்கு மேல் 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில், நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் பெயர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பட்டியலில் இருந்தன. தளர்த்தப்பட்ட விகிதத்தைக்கூட காகிதத்தில் மட்டுமே நிரப்பியவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் தெரியுமா? நான் பார்த்த ஒரு கல்லூரியில் விருப்பப்பாடம் ஒன்றுக்கு ஆசிரியரே போடவில்லை. என்.பி.டி.இ.எல். பார்த்துக்கொள்ளுங்கள் என்று சுற்றறிக்கை. பாடம் பார்ப்பது இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்குப் பாடத்துக்கு 1,000 ரூபாய். சாதிச் சான்றிதழைப் பதிவேற்றினால் தலித், பழங்குடி மாணவர்களுக்குப் பாதி. கல்லூரிக் கட்டணத்தையும் கட்டி, அதற்கு மேல் இதையும் கட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை வேளச்சேரியிலோ தரமணியிலோ ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்ச் சமாளித்துக்கொள்வான். பெரும்பாக்கத்துப் பிள்ளை எங்கே போவாள்?

பெரும்பாக்கம் என்றதும் அந்த ஊரடங்குக் காலம் நினைவுக்கு வருகிறது. 2020இல் எல்லாமே திரைக்குள் போனபோது, நாட்டின் நிலவரம் என்னவென்று அரசிடமே கணக்கு இருந்தது. 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்றில், கணினி இருக்கும் வீடுகள் ஊரகத்தில் 4.4 சதவீதம், நகரத்தில் 23.4 சதவீதம். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரிலிருந்து அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்ததால் நம் நிலை கொஞ்சம் தேவலாம். ‘இலவசம்’ என்று நக்கலடித்த நடுத்தர வர்க்கத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊரடங்கில் என் வகுப்பில் முதல் தலைமுறைப் பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைந்ததே பிளஸ் டூவில் வாங்கிய அந்த மடிக்கணினி வழியாகத்தான், அல்லது அக்காவுக்குக் கிடைத்து பேட்டரி செத்துப்போன, பிளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடுகிற அதே மடிக்கணினி வழியாகத்தான். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜி.பி. இணையம் தருவதாக அரசு அறிவித்தது. அதுவும் தேவையாகத்தான் இருந்தது.

ஆனால் மடிக்கணினியை வைப்பதற்கு ஓர் இடம் வேண்டுமே. அதை எந்த அரசும் கொடுக்கவில்லை. கொடுக்காதது மட்டுமல்ல, இருந்ததையும் பிடுங்கியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அள்ளிக்கொண்டு போய்க் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொட்டப்பட்ட மக்களில் பெரும்பாலோர் யார் என்பது நமக்குத் தெரியும். பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு கூடத்துக்குள் ஐந்து பேர். ஊரடங்கில் என் மாணவி ஒருத்தி எட்டு மாடிக் கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்துதான் வகுப்பு கேட்டாள். அங்கேதான் சிக்னல், அங்கேதான் ஓரளவு அமைதி. லிஃப்ட் ஓடாத நாளில் தண்ணீர்க் குடத்தோடு ஏறுகிறவர்களுக்கு வழிவிட அவள் எழுந்து நிற்பதைத் திரையில் பார்த்திருக்கிறேன். கேமராவை ஆன் பண்ணச் சொல்லி ஒரு நாள் எல்லாரையும் வற்புறுத்தியது நான்தான். அவளும் ஆன் பண்ணினாள். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு யாரையும் கேமரா போடச் சொன்னதில்லை.

அந்தக் கல்லூரியின் உள்மதிப்பீட்டுத் தேர்வு ஒன்று கண்காணிப்பு மென்பொருளோடு நடந்தது. அவள் தேர்வுத் தாளில் மூன்று சிவப்புக் குறி. பின்னணியில் வேறு குரல், முகம் சட்டத்தை விட்டு விலகியது, மீண்டும் வேறு குரல். அந்த வேறு குரல் அவள் தம்பியுடையது. குடம் தூக்கி வருகிறவர்களை "அக்கா பரீட்சை எழுதுது, மெதுவா போங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தான். மென்பொருளுக்கு அது முறைகேடு.

இது ஒரு மாணவியின் துரதிருஷ்டம் இல்லை என்பதை மாநிலமே பார்த்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2020 நவம்பர், டிசம்பர் செமஸ்டர் தேர்வை 2021 பிப்ரவரி, மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு இணையத்தில் நடத்தியது. ஏப்ரலில் முடிவு வந்தபோது பெருந்திரளான மாணவர்கள் தோல்வி. பல்லாயிரம் பேரின் முடிவு நிறுத்திவைப்பு. மாணவர்கள் கொதித்தார்கள். ஆட்சி மாறியதும் மே மாதம் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவித்தார். கேமராக் கண்காணிப்பை விட்டுவிட்டுக் காகிதத்தில் விரிவாக எழுதும் முறைக்குத் திரும்பினார்கள். அதோடு பிரச்சினை முடிந்துவிட்டதாக எல்லாரும் நினைத்துக்கொண்டோம். ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஒழுங்கான முகம், ஒழுங்கான அறை, ஒழுங்கான அமைதி எப்படி இருக்கும் என்று அந்த மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? யாருடைய வீடு அதன் மனதில் இருந்தது?

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்கள் விஷயத்தில் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரை போயிற்று. இயந்திரத்துக்குத் தானாக நிறவெறி கிடையாது. அதன் முன் யாரை உட்காரவைத்துப் பழக்கினார்களோ அவர்களை அது நன்றாக அடையாளம் காண்கிறது, அவ்வளவுதான். என் வகுப்பில் செயற்கை நுண்ணறிவு நடத்தும்போது இந்த ஆய்விலிருந்துதான் தொடங்குகிறேன். பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் கருத்த முகங்கள் நிறைந்த வகுப்பில் அன்றைக்கு யாரும் தூங்குவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நான் படித்த காலத்தில் அலுவலக உதவியாளர் வகுப்புக்குள் வந்து, "எஸ்.சி., எஸ்.டி. ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் ஸ்காலர்ஷிப் ஃபார்மில் கையெழுத்துப் போட ஆஃபீசுக்கு வாங்க" என்பார். எழுந்து போகிற பன்னிரண்டு பேரையும் மற்ற ஐம்பது பேரும் பார்ப்பார்கள். இப்போது அப்படி யாரும் வருவதில்லை. டிஜிட்டல் ஆகிவிட்டோம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓர் எக்செல் கோப்பு வந்து விழுகிறது. பெயர், பதிவெண், சாதி, வருமானம், வங்கிக் கணக்கு என்று எல்லாம் வரிசையாக. யாரோ ஓர் எழுத்தர் அவசரத்தில் அனுப்பியது. சாதி வன்மம் கூட அதில் இல்லை, வெறும் அலட்சியம்தான். முன்பு எழுந்து போனவரின் முதுகை ஒரு நிமிடம் பார்த்தார்கள். இப்போது அறுபது செல்போனில் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. டவுன்லோடு செய்து வரிசைப்படுத்திப் பார்த்த மாணவர்களை எனக்குத் தெரியும். அடுத்த வாரம் ப்ராஜெக்ட் குழு பிரிக்கும்போது யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதையும் பார்த்தேன்.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் மாணவர்களின் சாதி இருக்கக் கூடாது, உதவித்தொகை விஷயத்தைத் தலைமையாசிரியர் தம் அறைக்கு அழைத்துத் தனியே சொல்ல வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள் இருக்கின்றன. பள்ளிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வாட்ஸ்அப் குழுக்களும் மாணவர் மேலாண்மை மென்பொருளும் ஓடுகிற பொறியியல் கல்லூரிகளுக்குத்தான் இன்று அவை அதிகம் தேவை. யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று அனுமதி வரையறுப்பதை இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் மாணவர்களுக்கு நடத்துகிறோம். அதே வளாகத்தின் அலுவலகத்தில் அதை நடைமுறைப்படுத்த ஆளில்லை.

சரி, என்னதான் வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். பெரிய திட்டமெல்லாம் எனக்கில்லை. முதலில் லேப் சாவி வேண்டும்.

புரியாதவர்களுக்கு விளக்குகிறேன். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் நாலு மணிக்குக் கல்லூரிப் பேருந்துகள் கிளம்பும். நாலே காலுக்கு லேப் பூட்டப்படும். அறுபது கணினிகள், குளிர்சாதனம், தடையில்லா மின்சாரம், எல்லாம் மறுநாள் காலை வரை இருட்டில். வீட்டில் நல்ல மடிக்கணினி இருக்கிறவன் அங்கே விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான். இல்லாதவளுக்கு அன்றைய படிப்பு அவ்வளவுதான். ப்ரோகிராமிங் என்பது கேட்டுக் கற்கிற கலை இல்லை. உடைத்து, பிழை வாங்கி, திட்டிக்கொண்டே மறுபடி ஓட்டிப் பார்க்கிற கைவேலை. கையில் கருவி இருக்கும் மணிநேரம்தான் திறமை. அதைத்தான் கேம்பஸ் இன்டர்வியூவில் ‘மெரிட்’ என்ற பெயரில் அளக்கிறார்கள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தனியார் கல்லூரிகளுக்குள்ளும் வருகிறார்கள். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. பெரிய விஷயம். அப்படி வந்த பிள்ளை நாலே காலுக்குப் பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றால் அந்த ஒதுக்கீடு பாதியில் நிற்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அரசு அறிவித்தது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகளும் அதில் சேர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். முன்பு நடந்த திட்டத்தில் அவர்கள் விடுபட்டார்கள். கைக்கணினி வேண்டாம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதில் பாடம் பார்க்கலாம், ப்ரோகிராம் எழுதிப் பழக முடியாது. நம் பிள்ளைகள் பார்வையாளர்களாக மட்டும் இருந்தால் போதும் என்று யாராவது முடிவு செய்துவிடப் போகிறார்கள்.

அடுத்தது மொழி. 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழிப் பொறியியல் வந்தபோது சிவிலும் மெக்கானிக்கலும்தான் வந்தன. கணினி வரவில்லை. ஆனால் அரசாங்கத்தை எதிர்பார்க்காத சிலர் இருந்தார்கள். 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழும், அதைச் சேர்ந்தவர்கள் ‘எளிய தமிழில்’ என்று எழுதி யாரும் பகிரலாம் என்று விட்ட நிரலாக்கப் புத்தகங்களும் என் மாணவர்கள் பலரைக் காப்பாற்றியிருக்கின்றன. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்துவருகிறது. இவர்கள் யாரும் ஐ.ஐ.டி. மதிலுக்குள் இருந்துகொண்டு நம்மை நோக்கிப் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

நமக்கு இது புதிதும் அல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று இதழுக்குப் பெயர் வைத்தார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழ’னைக் கொண்டுவந்தார். அச்சு இயந்திரம்தான் அன்றைய டிஜிட்டல் தொழில்நுட்பம். யாரோ அச்சடித்துக் கொடுத்ததைப் படிப்பவர்களாக மட்டும் இருக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. அச்சுக் கோத்தார்கள், விலையையே பெயராக வைத்தார்கள். பெரும்பாக்கத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து படித்த அந்த மாணவி இன்று ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஜாவா சொல்லிக்கொடுத்து, அதைச் செல்போனில் பதிவுசெய்து போடுகிறாள். பின்னணியில் குழந்தைகள் கத்துவது கேட்கும். அதை நீக்க மாட்டேன் என்கிறாள்.

சாட்ஜிபிடிக்கு வருகிறேன். என் சக ஆசிரியர்கள் பலருக்கு அதன் மேல் கோபம். பிள்ளைகள் காப்பி அடிக்கிறார்கள் என்கிறார்கள். அடிக்கிறார்கள்தான். ரெக்கார்ட் நோட்டை சீனியரிடமிருந்து காப்பி அடித்த தலைமுறை நாங்கள், இதில் எங்களுக்கு என்ன யோக்கியதை என்று விட்டுவிடுகிறேன். எனக்குள்ள அச்சம் வேறு. அது தவறாகவும் சொல்லும், அதே தன்னம்பிக்கையோடு சொல்லும். தவறைத் தவறு என்று கண்டுபிடிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். காசு கட்டினால் நன்றாகச் சொல்கிற ஒன்று, கட்டாவிட்டால் சுமாராகச் சொல்கிற ஒன்று என்று அது இப்போதே இரண்டு குவளையாகிவிட்டது. டீக்கடையில் நாம் பார்க்காத குவளையா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் மாணவன் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் இயந்திரத்திடம் கேட்ட கேள்வியை, பகல் பதினோரு மணிக்கு என்னிடம் ஏன் கேட்க முடியவில்லை என்பதற்கு நான்தான் பதில் தேட வேண்டும். ‘பிள்ளைகளுக்கு இனி ஆசிரியர் தேவையில்லை’ என்று அதை நிர்வாகம் எழுதிக்கொள்வதற்கு முன்னால்.

அதனால் இந்த செமஸ்டர் ஒரு காரியம் செய்தேன். வியாழக்கிழமைகளில் ஏழு மணி வரை லேப் திறந்திருக்க அனுமதி கேட்டேன். மின்கட்டணம், பாதுகாப்பு, மாணவிகள் தாமதமாக வீட்டுக்குப் போவது என்று ஒவ்வொன்றாகத் தடை சொன்னார்கள். பெண்கள் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அப்படியானால் எல்லாருக்குமே ஆறு மணி, வாரத்தில் இரண்டு நாள் என்று பேரம் பேசி வாங்கினேன். முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள். போன வாரம் முப்பத்தொரு பேர். புரியவில்லை என்று தமிழில் கேட்கலாம், ஒரே கேள்வியை எத்தனை முறையும் கேட்கலாம் என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

போன வியாழன் நான் ஒரு மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பையன், ‘அது என்னைத் திட்டாது’ என்றவன், கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிற முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்திக்குப் பாயிண்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். காகிதத்தில் கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு. அவள் மூன்றாவது முறையாக ஏதோ கேட்டாள். "பரவால்லம்மா, இன்னொரு தடவ பாக்கலாம்" என்று புதுக் காகிதம் எடுத்தான். ஆறு மணி ஆகிவிட்டது. லேப் அசிஸ்டன்ட் அண்ணன் வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார்.

"பத்து நிமிஷம்ண்ணே" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.